இரண்டாம் புள்ளிக்குப் பிறகு

பழைய ரவுட்டரை இடி தின்ற மறுநாள்
பீர் முகமது புதுசு மாட்டினார்.
"நெட் வருதுல்ல?"
வந்தது.
"அப்புறமென்ன" என்று ஏணியை மடக்கிவிட்டார்.

டிவி வந்தது. பிரிண்டர் வந்தது.
பின்வாசல் கேமரா வந்தது,
தண்ணீர் வண்டிக்காரரின் வியர்வை உட்பட.
வராதது ஒன்றே:
ஒரு காலத்தில் நெல் கொட்டிய அறையில்
பதினோரு கல்யாணங்களை, ஓர் அறுபதாம் கல்யாணத்தை
வயிற்றில் வைத்துக்கொண்டு
பச்சைக் கண் சிமிட்டும் கறுப்புப் பெட்டி.

லேப்டாப்பில் அதன் பெயர்மேல் சிவப்புப் பெருக்கல் குறி.
பாதை கிடைக்கவில்லையாம்.

கானாடுகாத்தானிலிருந்து தேனம்மை மூன்றாம் தடவை கூப்பிட்டார்.
மாப்பிள்ளை சனிக்கிழமை விமானம் ஏறுகிறார், வீடியோ என்னாச்சு?
"ஏறிக்கிட்டிருக்கு."
பொய்க்கும் ஒரு சதவிகிதம் வேண்டும்.
அறுபத்திரண்டு என்றேன்.

தேவகோட்டையில் இந்த வீட்டுக்கு
முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
ஸ்டூடியோ பின்கட்டில், வாடகைக்கு.
கூரியர் பையன் முகப்புப் பூட்டைப் பார்த்து
'ஆளில்லை' என்று எழுதிப் போவான்.
ஆள் இருப்போம்,
வளவு தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி,
டீ குடித்துக்கொண்டு.

பெட்டியும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

நூற்றுத் தொண்ணூற்று இரண்டு புள்ளி
நூற்று அறுபத்தெட்டு புள்ளி
ஒன்று புள்ளி ஐம்பது.
சேவுகன் நான்கு வருடம் முன்பு எழுதி ஒட்டிய முகவரி,
டேப் மஞ்சளாகிவிட்டது.
புது ரவுட்டருக்கு ஒன்றாம் தெருவே தெரியாது.
எல்லோரையும் இருபத்தொன்பதில் குடிவைத்துவிட்டது.
மற்றவை, கொடுத்த எண்ணை வாங்கிக்கொள்ளும் சாதுக்கள்.
இது தன் எண்ணைத் தானே வைத்திருக்கிறது;
மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்தில் புள்ளி என்றால் ஒரு குடும்பம்.
கல்யாணமானால் கோயில் கணக்கில் ஒரு புள்ளி கூடும்.
அது கூடுகிற நாளைப் படம் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.
இங்கேயோ
இரண்டு புள்ளிக்கு நடுவே ஓர் எண் பிசகினால்
ஒரே வயரில் தொங்கிக்கொண்டும் முகம் பார்க்காது.

இரவு பதினொன்றரைக்குத் தோன்றியது:
அது இங்கே வராவிட்டால்
நான் அங்கே போகலாமே.

லேப்டாப்பின் முகவரியை அழித்து
கையால் எழுதினேன், ஒன்று புள்ளி அறுபது.
இன்டர்நெட் அறுந்தது.
அந்தத் தெருவில் இப்போது நாங்கள் இருவர்தான்,
நடுவே ஒரு நீல வயர்.

திறந்தது. பாஸ்வேர்ட் கேட்டது.
சேவுகனின் பைக் நம்பர்.
பைக்கை விற்று மூன்று வருடமாகிறது.

ஒன்றை அடித்து இருபத்தொன்பது என்றேன்.
ஐம்பதை விட்டுவைத்தேன், பழகியவர் கைக்கு.
பெட்டி ஒரு நிமிடம் மூச்சடக்கி
பீப் என்றது.
லேப்டாப்பையும் ஊர் திரும்பச் சொன்னேன்.

பெருக்கல் குறி போய்விட்டது.

போகிறபோக்கில்தான் பார்த்தேன்,
அனுமதி உள்ளவர்கள் பட்டியல்:
நான். எடிட்டிங் பையன் ஆரோக்கியம். சேவுகன்.

பிரிந்து ஏழு மாதம்.
கேமராவைப் பிரித்தோம், லைட்டைப் பிரித்தோம்,
பெயர்ப்பலகையில் பாதிக்கு பெயின்ட் அடித்தோம்.
'பங்கு' என்றே பெயர் வைத்த ஃபோல்டரைப் பிரிக்க
இருவருக்கும் மறந்திருக்கிறது.

கடைசி வருகை:
இடி விழுந்த அன்று மதியம் மூன்று நாற்பது, வெளியிலிருந்து.
கல்யாணம் எதையும் தொடவில்லை.
திறந்தது 'டெஸ்ட்'.
உள்ளே, வெளிச்சம் பார்க்க ஒருவரையொருவர் எடுத்துக்கொண்ட முகங்கள்:
யாரோ வீட்டு மணவறையில்
மாப்பிள்ளை உட்காரும் இடத்தில்
மார்பில் வெள்ளைத்தாளைப் பிடித்தபடி நான்.
அடுத்ததில் அவன், கண் மூடியிருக்கிறது.

பெயரருகே டிக்.
அம்புக்குறியை அதன்மேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் கேட்டேன்.

பிறகு புது டேப் கிழித்து
பழையதின் மேலேயே ஒட்டினேன்.
அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
'ஒன்று இல்லை, இப்போ இருபத்தொன்பது.'
வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு
இந்த எண்ணால் ஒரு உபயோகமும் இல்லை.

தேனம்மைக்கு ஒரு வரி:
அறுபத்துமூன்று.